தம்பியைக் கேளுங்கள்

எங்கள் ஊர் ஓல்ஷினாவில் நினைவுக்கல் நாட்டுவதென்று முடிவான கூட்டத்துக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். போயிருக்கக் கூடாது. மார்ச் மாதம், ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுசாக உருகியிருக்கவில்லை. தீயணைப்புக் கூடத்தில் இருந்த ஒரே கணப்பைச் சுற்றி கிளெமென்ஸும் அவன் ஆட்களும் முன்கூட்டியே உட்கார்ந்துகொண்டார்கள். எங்களுக்குக் கதவோரம்தான் கிடைத்தது.

கிளெமென்ஸ் ஃபோர்மேலா ஊர்த்தலைவர். எனக்குப் பங்காளி. அவன் தாத்தா புரூனோனும் என் தாத்தா அவ்குஸ்தினும் கூடப்பிறந்தவர்கள், அவ்குஸ்தின் மூத்தவர். ஒரே சந்தின் இரண்டு பக்கத்திலும் இரண்டு குடும்பமும் எழுபத்தைந்து வருஷமாக வாழ்கிறோம். நல்ல வார்த்தை ஒன்றுகூட அந்தச் சந்தைத் தாண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில், போலந்தின் வடக்கே எங்கள் காஷூபியப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் முதலில் போட்டது ஜெர்மன் சீருடைதான். ஜெர்மானியர் வந்து ஊரைப் பிடித்தார்கள். ஒரு பட்டியலை நீட்டி, கையெழுத்துப் போட்டால் நீ ஜெர்மானியன், போடாவிட்டால் குடும்பத்தோடு முகாம் என்றார்கள். போட்டார்கள். போட்டவர்களைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லோர் வீட்டிலும் இதே கதை என்பதால் இதில் யாருக்கும் வெட்கமில்லை. வித்தியாசம் அதற்கப்புறம் வந்தது. பிரான்சில் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டவர்களில் போலந்துக்காரர்களைத் தனியாகப் பிரித்து, எங்களோடு போலந்துப் படை ஒன்று இருக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் ஏழு பேர் சேர்ந்தார்கள். அதில் முதல் ஆள் புரூனோன்.

என் தாத்தா சேரவில்லை. போர் முடிந்தும் இரண்டரை வருஷம் ஜெர்மன் கைதிகளோடு கைதியாகக் கிடந்து, 1947 கடைசியில் வந்தார். தம்பி அந்த வருஷம் வசந்தத்திலேயே பதக்கங்களோடு வந்துவிட்டார். அண்ணன் வந்து சேர்ந்தபோது குடும்பத்துக்குப் பொதுவான ஏரிக்கரைச் செங்கல் வீடும் நிலமும் தம்பி பெயரில் பதிவாகியிருந்தன. அண்ணனுக்குக் குதிரை லாயம். அதற்குள் சுவர் எழுப்பி வீடாக்கினார். நானும் அப்பாவும் இன்னும் அதில்தான் இருக்கிறோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கிளெமென்ஸ் வீட்டுப் புகைபோக்கிதான் முதலில் தெரியும்.

கூட்டத்தில் கிளெமென்ஸ் கல்லில் வரப்போகிற அந்த ஏழு பெயரையும் வாசித்து முடித்தான். அப்பா எழுந்தார். அவருக்கு எண்பத்துநாலு வயசு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கிளெமென்ஸ், கல்லுல கீழே கொஞ்சம் இடம் இருக்குமில்ல? பலவந்தமா இழுத்துட்டுப் போனவங்க பேரையும் சின்ன எழுத்துல போடலாமேன்னு..."

"யார் பேரைப் பெரியப்பா?"

"எங்க அப்பா பேரை."

கிளெமென்ஸ் மாட்டுக்கொம்பு டப்பாவைத் தட்டி, மூக்குப்பொடியைப் புறங்கையில் வைத்து நிதானமாக இழுத்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் நீட்டினான். எல்லோரும் இழுத்துத் தும்மி முடிக்கும்வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"நான் மரியாதைக் குறைவாச் சொல்லல பெரியப்பா. கதவு எல்லாருக்கும் ஒண்ணாத்தான் திறந்துச்சு. ஏழு பேரு நம்ம பக்கம் வந்தாங்க. உங்க அப்பாவுக்கு மட்டும் ஜெர்மன்காரன் கஞ்சி இனிச்சுது. அதுக்கு நான் என்ன பண்ண? வேணும்னா பெர்லினுக்கு எழுதிப் போடுங்க. அவங்க கல்லு வைப்பாங்க."

கூடமே சிரித்தது. பங்குத்தந்தை மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ஷூவைப் பார்த்தார்.

"எழுதத்தான் போறேன்," என்றேன் நான்.

"எழுது ரெகினா, எழுது. ஸ்டாம்பு வேணும்னா என்கிட்ட கேளு."

அப்பா தொப்பியை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

எனக்கு ஐம்பத்தேழு வயசு. வட்டாரப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறேன். அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஜெர்மனியில் வயசானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டினேன். அதில் மிஞ்சியது ஒரு முதுகுவலியும், கடிதம் எழுதுகிற அளவுக்கு ஜெர்மனும். மறுநாளே உட்கார்ந்தேன். ஜெர்மன் படையில் இருந்தவர்களின் ஏடுகள் பெர்லினில் இருக்கின்றன. உறவினர் என்று காட்ட அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கேட்டேன்.

"தர மாட்டேன்," என்றார்.

"ஏன்?"

"செத்தவரைத் தோண்டாதே."

"அவரைத் தினமும் தோண்டிப் போட்டு மிதிக்கிறான் எதிர்வீட்டுக்காரன். அது பரவாயில்லையா?"

"அவன் மிதிக்கட்டும். நீ தோண்டாதே. ஏதாவது வந்துச்சுன்னா அதை எங்க கொண்டு வைப்பே? இந்த வீட்டுல இடமிருக்கா?"

கிழவருக்குப் பயம், தாத்தா உண்மையிலேயே ஏதாவது அசிங்கமாகச் செய்திருப்பார் என்று பயம், அப்படித்தான் நினைத்தேன். பதிவு அலுவலகத்தில் புதுப் பிரதி வாங்கி அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில் பெர்லினிலிருந்து இரண்டு தாள் வந்தது. பட்டியலில் கையெழுத்திட்ட நாள் 1942 ஏப்ரல் 14. பட்டாளத்தில் சேர்க்கப்பட்டது அதே வருஷம் நவம்பர். 1944 செப்டம்பரில் பிரான்சில் ஒரு துறைமுகத்தில் பிடிபட்டார். முகாமின் எண். எல்லாம் தெரிந்த சங்கதிதான். கடைசி வரியில்தான் எனக்குக் கை நின்றது. 'போலந்துப் படையில் சேர விண்ணப்பித்தார், அக்டோபர் 1944. ஏற்கப்படவில்லை.'

தாத்தா விண்ணப்பித்திருக்கிறார். இந்த எழுபது சொச்சம் வருஷத்தில் யாரும் எங்களிடம் சொல்லாத விஷயம் அது. அன்றைக்கே லண்டனுக்கு எழுதினேன். அங்கேதான் அந்தப் படையின் ஏடுகள் இருக்கின்றன என்று நூலகத்தில் இருக்கிற பெண் தேடிச் சொன்னாள்.

ஊரில் எதுவும் உறைக்குள் நிற்காது. ஒரே வாரத்தில் கிளெமென்ஸ் எங்கள் படலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, அவன் குடும்பத்தில் யாரும் எங்கள் படலைத் தாண்டியதில்லை.

"பெர்லினோட முடியலியாமே. இப்ப லண்டனா?"

"நீதானே எழுதச் சொன்னே."

"சும்மா சொன்னதை எடுத்துக்கிட்டு ஆடாதே. உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். வீட்டுக்குத்தானே அடி போடுறே? ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது உன்னால. வக்கீலைக் கேட்டுட்டேன்."

"வக்கீல் வரைக்கும் போயாச்சா? அப்ப உனக்கே ஏதோ உறுத்துது."

அவன் முகம் சிவந்தது. "உங்க தாத்தா ஹிட்லர் சோத்தைத் தின்னவன். உங்க அப்பாவைப் பள்ளிக்கூடத்துல ஹிட்லர் குட்டின்னுதான் கூப்பிட்டாங்க. நீ எத்தனை காகிதம் வரவழைச்சாலும் அது மாறாது."

"அந்தப் பேரை வெச்சது உங்க தாத்தாதான்."

"ஆமா. சரியாத்தான் வெச்சாரு."

நாயை அவிழ்த்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்கும் வயசாகிவிட்டது, கடிக்காது. படலைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

லண்டனிலிருந்து பதில் அக்டோபரில் மின்னஞ்சலாக வந்தது. நூலகத்தில் அச்செடுத்துக்கொண்டு, பள்ளி விட இன்னும் அரைமணி இருந்ததால் பேருந்துக்குள் உட்கார்ந்து படித்தேன். ஒன்பது பக்கம். முதல் பக்கம் தாத்தாவின் கையெழுத்து. பள்ளிக்கூடம் நான்கு வகுப்பு மட்டும் போனவர். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நட்டிருந்தார்.

'நான் போலந்துக்காரன். போலந்துப் படையில் சேர விரும்புகிறேன். என் தம்பி புரூனோன் ஃபோர்மேலா ஏற்கெனவே உங்களோடு இருக்கிறான். நான் எப்படிப்பட்டவன் என்று தம்பியைக் கேளுங்கள். அவன் சொல்வான்.'

அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் தம்பியின் பதில் இருந்தது. நல்ல சாய்ந்த கையெழுத்து.

'அவ்குஸ்தின் ஃபோர்மேலா என் உடன்பிறந்த அண்ணன். 1940-லேயே, யாரும் வற்புறுத்தாமல், தன்னை ஜெர்மானியன் என்று எழுதிக்கொண்டவர். வீட்டிலும் ஜெர்மன்தான் பேசினார். அவர் போலந்துச் சீருடை அணியத் தகுந்தவர் என்று என்னால் சொல்ல முடியாது.'

அதன்மேல் சிவப்பு மையில் ஒரே சொல்: நிராகரிக்கப்பட்டது.

பெர்லின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1942 ஏப்ரல் 14. ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்ட நாள் அது. அந்த நாளை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1940 என்பது பொய். ஜெர்மன் பேசினார் என்பதும் பொய். போருக்கு முன்னால் தாத்தாவுக்கு ஜெர்மனில் தண்ணீர் கேட்கக்கூட வராது, காஷூபியப் பேச்சைத் தவிர வேறெதிலும் நாக்கு புரளாது.

பிள்ளைகள் வந்து பேருந்துக் கதவைத் தட்டினார்கள். எப்போதிலிருந்து தட்டினார்களோ தெரியாது. திறந்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய், திட்டு வாங்கித் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். கிளெமென்ஸ் வீட்டில் ஞாயிறு மதியம் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூடுவார்கள். எல்லோரும் இருக்கும்போதுதான் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்தின் எதிர்ப்பக்கம் போய் அந்தச் செங்கல் வீட்டுக்குள் நுழைந்தேன். வறுத்த வாத்து, பீட்ரூட், உருளைக்கிழங்கு உருண்டைகள் மேசையில் இருந்தன. கிளெமென்ஸின் பெண்டாட்டி வூட்சியா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"உக்காருன்னு சொல்லாதீங்க, நான் உக்கார வரல," என்றேன். தாள்களை வாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "உங்க தாத்தா கையெழுத்து உனக்குத் தெரியும்ல கிளெமென்ஸ்? சத்தமாப் படி."

அவன் சத்தமாகப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மருமகன் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரைப் பத்தி யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டான்.

"இவங்க தாத்தா அவரோட அண்ணனைப் பத்தி. அண்ணன் நம்ம படையில சேரணும்னு கேட்டாரு. தம்பியைக் கேளுங்கன்னாரு. தம்பி இப்படிச் சொன்னாரு. மூணு வருஷம் முள்வேலிக்குள்ள இருந்தாரு எங்க தாத்தா. அதுக்குள்ள இந்த வீடு பதிவாயிடுச்சு."

வூட்சியாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம். அப்ப போர் நடந்துக்கிட்டிருந்துச்சில்ல? படைக்குப் போனா சாவுதானே? அண்ணன் சாகக் கூடாதுன்னுதான் புரூனோன் தாத்தா அப்படி எழுதியிருப்பாரு."

கிளெமென்ஸ் நிமிர்ந்தான். மூழ்குகிறவனுக்குப் படகு விளிம்பு கையில் பட்ட மாதிரி இருந்தது அவன் முகம். "அதான்! அதேதான்! அண்ணனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு, இவருக்கு அப்ப கல்யாணமே ஆகல. ஒருத்தனாவது உயிரோட வீடு போய்ச் சேரட்டும்னு தன் பேரைக் கெடுத்துக்கிட்டு எழுதியிருக்காரு. யார் செய்வா அப்படி?"

"பாவம் தாத்தா, இதை யார்கிட்டயும் சொல்லாமலே போயிட்டாரு," என்றாள் மகள். அவள் கண்ணே கலங்கிவிட்டது. இரண்டு நிமிஷத்துக்குள் புரூனோன் பழையதைவிடப் பெரிய வீரராகிவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கமில்லாமல், பொய் என்றும் தெரியாமல், எவ்வளவு வேகமாகக் கட்டுகிறார்கள்!

"கடைசிப் பக்கத்தைப் பாரு," என்றேன்.

1945 ஜூன். ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. தாத்தா மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார், அதே வார்த்தைகளில். சண்டையும் இல்லை, சாவும் இல்லை. முள்வேலியை விட்டு வெளியே வருவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். அதிகாரிகள் தம்பியை மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தச் சாய்ந்த கையெழுத்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தது.

'முன்பு சொன்னதில் மாற்றமில்லை.'

"இதுலயும் உயிரைக் காப்பாத்தினாரா?" என்று கேட்டேன்.

கிளெமென்ஸ் தாள்களை மடித்தான். கிழிக்கப் போகிறான் என்று நினைத்தேன். "கிழி," என்றேன். "வீட்டுல இன்னும் நாலு பிரதி இருக்கு." அவன் கிழிக்கவில்லை. மேசையை விட்டு எழுந்து, என்னை நெட்டித் தள்ளாத குறையாக வாசல்வரை வந்தான்.

"வெளியே போ. இன்னொரு தடவை இந்த வீட்டுல கால் வெச்சே, போலீஸ்தான்."

"கல்லுல என் தாத்தா பேரும் வரணும். இல்லே உன் தாத்தா பேரை எடு."

"என் பிணத்து மேல."

வீட்டுக்கு வந்தபோது கால் தரையில் பாவவில்லை. அப்பாவை உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் அழுவார், அல்லது என்னைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். எழுபது வருஷமாகச் சுமந்ததை நான் இறக்கிவைத்துவிட்டேனே! அவரோ முதல் பக்கத்தை மட்டும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை கேட்டிருக்காரு," என்றார்.

"ஆமாப்பா. ரெண்டு தடவை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நான் சும்மாதான் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

"நம்பியிருக்க மாட்டேன்," என்றார். "நானும் எழுதிக் குடுத்திருக்கேன் ரெகினா."

1961-இல் அவருக்கு இருபத்திரண்டு வயசு. துறைமுகத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டார். படிவத்தில் தகப்பனாரின் போர்க்காலப் பணி என்று ஒரு கட்டம் இருந்தது. 'என் தந்தை தன் விருப்பத்தோடு ஹிட்லரின் படையில் இருந்தவர். அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை' என்று எழுதினார். அப்படி எழுதினால்தான் வேலை கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் எல்லோரும் சொல்வதை அவரும் நம்பினார். எழுதும்போது மனசுக்கு நன்றாகக்கூட இருந்ததாம். உண்மையா என்று விசாரிக்க ஒரு ஆள் வீட்டுக்கு வந்தான்.

"நான் அடுப்பங்கரையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். உங்க பையன் இப்படி எழுதியிருக்கானேன்னு அந்த ஆளு காகிதத்தை நீட்டினான். எங்க அப்பா முழுசாப் படிச்சாரு. உண்மைதான், அவன் எழுதினது அத்தனையும் சரி, அவன் நல்ல பையன், வேலையைக் குடுங்கன்னாரு. அந்த ஆளு போனதும் சூப்பு ஆறுது, சாப்பிட வான்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் இருபத்தேழு வருஷம் இருந்தாரு. அதைப் பத்தி ஒரு நாள் பேசினதில்ல."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். "அப்ப நீங்களும் புரூனோனும் ஒண்ணுதான்," என்றேன். பிறப்புச் சான்றிதழைத் தர மறுத்தது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. அவர் தகப்பனுக்காகப் பயப்படவில்லை. தன் காகிதம் வெளியே வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார்.

மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை. சமைத்து வைத்தேன், துணி துவைத்தேன், மாத்திரையை எடுத்து வைத்தேன். பேசவில்லை. அவரும் பேசச் சொல்லவில்லை.

நவம்பர் பதினொன்று, போலந்தின் சுதந்திர நாள். பூசை முடிந்து ஊரே தேவாலயத்துக்கு வெளியே கூடியது. கல்லின் மேல் வெள்ளை-சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். நான் போவதாக இல்லை. ஆனால் அப்பா காலையிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் விழுந்துவைப்பாரோ என்று பின்னாலேயே போனேன். கிளெமென்ஸ் துணியை விலக்கினான். ஏழு பெயர். புரூனோன் முதலில்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லுக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி நின்றார். கோட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"ரெண்டு கடுதாசி வாசிக்கணும்," என்றார்.

"பெரியப்பா, இது அதுக்கான இடமில்ல," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் கிளெமென்ஸ். பிறகு தீயணைப்புக்காரர்களின் பேண்டைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவர்கள் ஊத ஆரம்பித்தார்கள். அப்பா அசையவில்லை. பாட்டு முடிந்தது. வாயைத் திறந்தார், மறுபடியும் ஊதினார்கள். "கிழவருக்குக் குளிருது, யாராவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா," என்று ஒருத்தன் கத்தினான். "ஹிட்லர் குட்டி, கீழே இறங்கு!" என்று இன்னொரு குரல் வந்தது. அப்பா வயசுக் குரல்தான் அது. மூன்றாவது தடவை, ட்ரம்பெட் வாசிக்கிறவர் கருவியை இறக்கிவிட்டார். மூச்சு வாங்கியதா, மனசு வரவில்லையா, தெரியாது.

அப்பா வாசித்தார். தாத்தாவின் விண்ணப்பம். தம்பியின் பதில். 1945-இன் ஒற்றை வரி. அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அது காகிதத்துல இல்ல, எனக்கு மனப்பாடம்," என்றார். 1961-இல் எழுதியதைச் சொன்னார். "புரூனோன் எழுதினதை மட்டும் படிச்சிட்டு இறங்கினா நான் யோக்கியன்னு ஆயிடும். நான் யோக்கியன் இல்ல. எங்க அப்பாவுக்கு எதிரா ரெண்டு பேரு எழுதிக் குடுத்தோம். ஒருத்தன் பேரு கல்லுல இருக்கு. இன்னொருத்தன் இங்க நிக்கிறேன்."

யாரும் கைதட்டவில்லை. யாரும் பக்கத்தில் வரவில்லை. பங்குத்தந்தை தொண்டையைச் செருமி, கூடத்தில் சூடாகச் சூப் இருக்கிறது என்று அறிவித்தார். எல்லோரும் விடுபட்ட மாதிரி அந்தப் பக்கம் நடந்தார்கள். எங்களைத் தாண்டிப் போகும்போது கிளெமென்ஸ் நின்றான்.

"திருப்தியா?" என்று என்னைக் கேட்டான்.

"இல்ல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கல் அப்படியேதான் இருக்கிறது. பெயர் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. டிசம்பரில், பேருந்து ஓட்ட வேறு ஆள் வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு பெற்றோர் மனுக் கொடுத்தார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பனியில் வண்டி எடுக்க வேறு யாரும் முன்வராததால் நானே ஓட்டுகிறேன். வசந்தத்தில் ஊர்த்தலைவர் தேர்தல் வந்தது. கிளெமென்ஸ் போன தடவையைவிடக் கூடுதல் வாக்கில் ஜெயித்தான். குடும்பத்தை அவமானப்படுத்திவிட்டார்களே என்று ஊருக்கு அவன்மேல் இரக்கம். ஆனால் அஞ்சல்காரப் பெண் ஒரு நாள் என்னிடம் முறைத்துக்கொண்டே சொன்னாள், "நாலு வீட்டுலேர்ந்து பெர்லினுக்குப் பதிவுத் தபால் போயிருக்கு. உன்னாலதான். எல்லாத்துக்கும் நான்தான் பதிலைக் கொண்டுபோய்க் குடுக்கணும், மூஞ்சியை யாரு பார்க்கிறது?" அந்த நாலில் இரண்டு வீட்டுப் பெயர்கள் கல்லில் இருப்பவை.

அப்பாவும் நானும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தோம். முதலில் உப்பு, கதவு, மருந்து. பிறகு பிப்ரவரியில் ஒரு நாள், "துறைமுகத்துக்கு ஒரு கடுதாசி எழுது," என்றார்.

"என்னன்னு?"

"என் காகிதம் இருக்கான்னு கேளு. இருந்தா பிரதி அனுப்பச் சொல்லு."

எழுதினேன். நிர்வாகம் இரண்டு தடவை கைமாறியிருந்தது. பதில் வர ஏப்ரலாயிற்று. பணியாளர் ஏடுகளை ஐம்பது வருஷம்தான் வைத்திருப்பார்களாம். 1961-ஆம் வருஷத்துப் படிவங்கள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. நல்ல செய்தி என்று நினைத்துத்தான் வாசித்துக் காட்டினேன்.

"அழிச்சிட்டாங்களா?" என்றார். கடிதத்தைக் கையில் வாங்கி, தானும் ஒருமுறை படித்தார். அப்புறம், "ஒரு வெள்ளைத்தாள் எடுத்துட்டு வா," என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 1961-இல் எழுதிய அதே இரண்டு வாக்கியம். தேதியையும் ஊர்ப்பெயரையும் போடச் சொன்னார். படித்துக் காட்டச் சொன்னார். ஒரு சொல்லை மாற்றினார்: 'இருந்தவர்' இல்லை, 'பணியாற்றியவர்' என்றுதான் அன்றைக்கு எழுதினேன் என்றார். மாற்றி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"லண்டன் காகிதத்தோட சேர்த்து வை," என்றார். "கடைசியில வை."

வைத்தேன். அதற்குள் அவர் அடுப்பங்கரைக்குப் போய், இரண்டு சூப்புத் தட்டையும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.